தாங்காத தூணும் உட்காராத திண்ணையும்

என்னப்பு, நீ அனுப்புன படமெல்லாம் வந்து சேந்துருச்சு. புது வீட்டுக்கு எது பொருந்தும், பாத்துச் சொல்லுங்கய்யான்னு கேட்டிருக்க. பெருவிரலால தள்ளித் தள்ளி நகமே தேஞ்சு போச்சு. ஒரு படத்துல சுவரு சாம்பல் நிறம், அடுத்ததுல கரும்பச்சை, அதுக்கடுத்ததுல பூச்சே இல்ல, வெறும் செங்கல்லு. கொத்தனாருக்குப் பாக்கி வெச்சுட்டு ஓடி வந்த வீடு போலன்னு நெனச்சேன். அப்புறந்தான் உன் பொண்டாட்டி சொல்லுது, நல்லாப் பூசின சுவத்து மேல செங்கல்லுப் படம் போட்ட தாளை ஒட்டியிருக்காங்களாம். செங்கல்லு வெளிய தெரியாமப் பூசுறதுக்குத்தான் ஆயுசு பூரா கூலி வாங்கினேன். மறுபடி தெரிய வைக்கிறதுக்கும் கூலி உண்டுன்னு தெரிஞ்சிருந்தா கரண்டியை இத்தனை வெரசாக் கீழ வெச்சிருக்க மாட்டேன்.

சரி, கேட்டுட்ட. பெரியவன்கிற மரியாதைக்குக் கேட்டியா, இல்ல ஆத்தங்குடிப் பட்டறையில சொல்லித் தரைக்கல்லு விலையைக் கொறைச்சுத் தருவேன்னு கேட்டியாங்கிறது வேற சங்கதி. என் முதல் புத்தி இதுதான்: காப்பியடி. தாராளமா அடி. வெக்கப்படாத. இந்தச் செட்டிநாட்டுச் சீமையில யாரு காப்பியடிக்காம வீடு கட்டினது? படம் தேடுற அந்தப் பின்டெரெஸ்டு வந்ததே 2010லதானாம். அதுக்கு முந்தி நாங்க எங்கிட்டுத் தேடுனோம்? கல்யாண வீட்டுல. பந்தியில உக்காந்து இலையைப் பாக்காம விட்டத்தைப் பாக்குறான்னா, அவன் வீடு கட்டப் போறான்னு அர்த்தம். ரசம் ஊத்துறவன் போதுமா போதுமான்னு கேட்டுக்கிட்டே நிப்பான். இவன் எந்திரிச்சு நின்னு தூணைக் கட்டிப் பிடிச்சுச் சுத்தளவு பாத்துக்கிட்டிருப்பான். கொஞ்ச நாள் கழிச்சு அதே தூணு, ஒரு சாண் ஒசரம் கூடுதலா, அடுத்த தெருவுல நிக்கும்.

செட்டியாருமாரு வீட்டையே எடுத்துக்க. அவுக அடிச்ச காப்பிக்கு முன்னாடி உன் போனு எம்மாத்திரம். லேவாதேவிக்குப் பர்மா, இலங்கை, மலாயான்னு போனவுக சும்மாவா திரும்பி வந்தாக? பர்மாவுல இருந்து தேக்கு, இலங்கையில இருந்து முதிரை மரம், இத்தாலியில இருந்து பளிங்கு, பெல்ஜியத்துல இருந்து சரவிளக்கு, ஜப்பான்ல இருந்து பூப்போட்ட பீங்கான் கல்லு, இங்கிலாந்துல இருந்து வார்ப்பிரும்பு. முகப்பை அண்ணாந்து பாத்தா நடுவுல ஆனை ரெண்டு தண்ணி ஊத்த மகாலச்சுமி உக்காந்திருப்பா. ஓரத்துல துப்பாக்கியோட ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயி நிப்பான். அந்தச் சிப்பாயி எதுக்குடான்னு எங்கப்பனைக் கேட்டேன். லச்சுமிக்குக் காவலு வேணாமாடான்னாரு. 2014ல யுனெஸ்கோக்காரங்க இந்த ஊருகளைத் தற்காலிகப் பட்டியல்ல சேத்தாங்க. நோட்டுப் புத்தகத்தோட வர்ற ஆர்க்கிடெக்டு புள்ளைங்க என் திண்ணையில உக்காந்து இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுக்கும். நானும் அப்படியா, அப்படியான்னு கேட்டுக்குவேன். நல்ல புள்ளைக. டீ வாங்கித் தருதுக.

ஆனா ஒரு சூட்சுமம் இருக்கு, அதை அந்தப் புள்ளைக நோட்டுல எழுதுறதில்ல. செட்டியாரு சரவிளக்கைக் கொண்டாந்தாரு, சரவிளக்கு தொங்கின பெல்ஜியத்து வீட்டைக் கொண்டாரல. வீடு என்னமோ அவுக வீடுதான். முகப்பு, அப்புறம் வளவு, அப்புறம் ரெண்டாங்கட்டு, கடைசியா அடுப்படி. ஒரு தெருவுல வாசலு, மறு தெருவுல கொல்லை. வளவைச் சுத்தி ரெட்டை வீடு, கல்யாணம் முடிச்ச ஒவ்வொரு மகனுக்கும் ஒண்ணு. நடுவுல வானம் தெரியுற முத்தம். வெயிலு உள்ள வரும், ஆனா ஆளு உக்காந்திருக்கிற தாவாரத்துக்கு வராது. மழை முத்தத்துல கொட்டும், கூரைத் தண்ணியை அண்டாவுல பிடிப்பாக. அம்புட்டுப் பெரிய வீட்டுல வருசத்துல பாதி நாளு ஒரு ஆச்சி மட்டும் பல்லாங்குழி ஆடிக்கிட்டிருக்கும். ஒரு கல்யாணம், ஒரு அறுவதாங்கல்யாணம் வந்துச்சுன்னா ஊரே உள்ள உக்காந்து சாப்பிடும். அந்த நாளுக்குத்தான் அந்த வீடு. கண்ணாடி, விளக்கு, பீங்கான் எல்லாம் அந்த வேலை முடிஞ்ச பெறகு மேல ஒட்டின பவுசு.

நீ என்ன பண்ற? பவுசுல ஆரம்பிச்சு வீட்டுக்கு வர்ற. வா, வா. நான் என்ன சொல்லிறப் போறேன்.

அந்த ஒடிசலான வெள்ளை வீட்டுப் படங்க இருக்கே, அதுதான் உன் பொண்டாட்டிக்கு, நம்ம தாயிக்கு, ரொம்பப் பிடிச்சிருக்காம். சுவரு வெள்ளை, தரை வெள்ளை, சோபா வெள்ளை, மூலையில ஒரே ஒரு குச்சி. எந்த ஊருன்னேன். ஸ்கேன்டிநேவியாங்குது. தாயி, அந்தச் சுவீடன் நாட்டுல டிசம்பர் மாசம் ஸ்டாக்ஹோம்ல வெளிச்சம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரந்தானாம். வந்த கொஞ்ச வெளிச்சமும் வீணாகாமச் சுவத்துல பட்டுத் திரும்பட்டும்னு வெள்ளை அடிக்கிறான், சன்னலுக்குத் திரை போடாம விடுறான். சூரியனைக் கெஞ்சிக் கூப்பிட்டு உக்கார வைக்கிற வீடு அது. நம்ம ஊருல சூரியன் கூப்பிடாமலே வர்ற சம்பந்தி. அவரைத் திண்ணையோட பேசி அனுப்புறதுக்குத்தான் நாம தாவாரம் இறக்கினோம், சன்னலு மேல சன்சேடு வெச்சோம். நீ மே மாசம் மெட்ராசுல, மேக்கே பாத்த கண்ணாடிச் சன்னலுக்கு முன்னாடி அந்த வெள்ளைச் சோபாவைப் போட்டு உக்காரு. படம் எடுத்துப் போடு, எல்லாரும் இதயம் போடுவாங்க. அப்புறம் எந்திரிச்சு ஓடி ஏசி ரூமுல படுத்துக்க.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான் அப்பு: உன் வீட்டு ஹாலு எந்தத் திசையைப் பாக்குது? நீ "வாஸ்துப்படி கரெக்டு ஐயா"ன்ன. வாஸ்துவை நான் கேக்கல. சாயங்காலம் நாலு மணிக்கு எந்தச் சுவத்துல கை வெச்சாச் சுடுதுன்னு கேட்டேன். உனக்குத் தெரியல. மூணு மாசமாக் குடியிருக்க. சுவத்துக்கு என்ன வண்ணம்னு அறுநூறு படம் பாத்திருக்க, அந்தச் சுவத்துல ஒரு தடவை கை வெச்சுப் பாக்கல. மேச்சுவத்துக்கு வெளிப்பக்கம் கருநீலம் அடிக்கச் சொல்லி ஒரு படம் சொல்லுதாம். அடி. இருட்டு நிறம் சூட்டை நல்லா வாங்கி வெச்சுக்கும்; ராத்திரி தோசைக்கல்லு தேவைப்பட்டா வெளிய போக வேணாம். வெளிப்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்புற பெயின்டோ அடிச்சு, சன்னலுக்கு வெளிய ஒரு மூங்கில் தட்டி தொங்க விட்டா வீடு குளுந்துரும். கேட்டியா, வெளிய. கண்ணாடிக்கு உள்ளாற எம்புட்டு வெலையில திரை போட்டாலும் சூடு கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்த பெறகுதான் அதைப் பாக்கும். ஆனா தட்டி படத்துல எடுபடாது. விடு.

அடுத்தது அடுப்படி. சுவத்தை இடிச்சு ஹாலோட சேத்து விடப் போறியாமே, ஓப்பன் கிச்சனு. உங்க அப்பத்தா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. செட்டியாரு வீட்டுல அடுப்படியைக் கொண்டு போயி கடைசிக் கட்டுல வெச்சது சமைக்கிறவுகளை ஒளிச்சு வைக்கிறதுக்குன்னு அந்த ஆர்க்கிடெக்டு புள்ளைகள்ல ஒருத்தி என்கிட்ட வாதாடினா. அதுவும் உண்டுதான், இல்லைங்க மாட்டேன். ஆனா மொளகாய் தாளிக்கிற நெடி பெல்ஜியம் கண்ணாடியில படியக் கூடாதுங்கிறதும் உண்டு. ரொட்டியை அறுத்து வெண்ணெய் தடவித் தின்னுற ஊருக்காரன் ஹாலுக்குள்ள அடுப்பு வைக்கலாம். நீ ஞாயித்துக்கெழமை நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு வைக்கிறவன். அந்த வாசம் வெள்ளைச் சோபாவுக்குள்ள போயி உக்காந்துச்சுன்னா புதன்கிழமை வரைக்கும் எந்திரிக்காது. சிம்னி போட்டிருக்கேங்கிற. சிம்னி புகையை வெளிய தள்ளுற குழாய் வெச்சதா, இல்ல உறிஞ்சி வடிகட்டித் திரும்ப ஹாலுக்குள்ளயே விடுறதான்னு பாத்தியா? பாரு. ரெண்டாவது சாதின்னா அந்தக் காசுக்குக் கருவாடு வாங்கலாம்.

ஆத்தங்குடிக் கல்லு கேட்டிருக்க. இதுல மட்டும் நான் கேலி பண்ண மாட்டேன், ஏன்னா இது சோத்துக்குரிய சங்கதி. ஆத்தங்குடிப் பட்டறையை நீ பாத்ததில்ல. சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டைத் துடைச்சு வைப்பாங்க. அது மேல இரும்புச் சட்டம். சட்டத்துக்குள்ள பூ வடிவத் தகட்டு அச்சு. வண்ணம் கலந்த சிமென்ட்டுக் கூழைக் கரண்டியால மோந்து பூவுக்கு ஒண்ணு, இலைக்கு ஒண்ணுன்னு ஒவ்வொரு கண்ணுலயும் ஊத்துவாங்க. அச்சைத் தூக்கினதும் வண்ணம் ஒண்ணையொண்ணு தொட்டும் தொடாம நிக்கும். அதுக்கு மேல காஞ்ச மணலும் சிமென்ட்டும் தூவி, ஈரக் கலவையைப் போட்டு இழுத்து மட்டம் பண்ணி, காய வெச்சு, தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு எடுப்பாங்க. கண்ணாடியை உரிச்சா அடியில இருந்த பூ மொகம் காட்டும். அந்தப் பளபளப்பு பாலீசு இல்ல, கண்ணாடி முகத்துல படிஞ்ச பளபளப்பு. அச்சைத் தூக்குறப்போ கை நடுங்கினா இலைப்பச்சை பூவுக்குள்ள எட்டிப் பாக்கும். ரெண்டு கல்லு ஒண்ணா இருக்காது. உன் டிசைனரு பொண்ணு "ஷேடு வேரியேஷன் இருக்கு"ன்னு திருப்பி அனுப்பினதாக் கேள்விப்பட்டேன். அச்சுல அடிச்சாப்புல ஒரே மாதிரி வேணும்னா, ஆத்தங்குடிப் பூவை மெசின்ல அச்சடிச்ச பீங்கான் கல்லு கடையில கெடைக்குதே, அதை வாங்கிக்கங்க. அதுலயும் கை நடுங்கின கல்லு ஒண்ணைப் படம் பிடிச்சு, எல்லாக் கல்லுலயும் அதே நடுக்கத்தை அச்சடிச்சிருப்பான்.

வாங்குறதுன்னே முடிவு பண்ணிட்டா இதைக் கேட்டுக்க. கல்லு கனமானது, தடிமன் ஜாஸ்தி. இருக்கிற டைல்சுக்கு மேலயே ஒட்டிரலாம்னு எவனாச்சும் சொன்னா, கதவு எல்லாத்தையும் அடியில அறுக்கணும்கிறதையும் அவனையே சொல்லச் சொல்லு. உன் வீடு நாலாவது மாடி. அந்தக் கனத்தை ஸ்லாபு தாங்குமான்னு இஞ்சினியரைக் கேளு, என்னைக் கேக்காத. ஒட்டுன பெறகு ஆசிட் ஊத்திக் கழுவினியோ, போச்சு; எலுமிச்சம்பழம் சிந்தினாக் கூடச் சிமென்ட்டைத் தின்னும். மத்தபடி தண்ணி தொட்டு தினம் துடைக்கிறதும், சனம் நடக்குறதுந்தான் அதுக்கு வைத்தியம். அந்தக் காலத்துல தேங்கா எண்ணெய் தொட்டுத் துடைப்பாங்க. நடக்க நடக்கத்தான் கல்லு மெருகேறும். நீங்க ரெண்டு பேரும் காலைல ஏழு மணிக்குப் போயி ராத்திரி ஒம்பதுக்கு வர்றீங்க. அந்தக் கல்லு மேல யாரு நடந்து மெருகேத்துறது? வேலைக்கு வர்ற அம்மாவும் தரை கூட்டுற அந்த ரோபோவுந்தான்.

முட்டைப் பூச்சுச் சுவரு வேணும்னு எழுதியிருக்க, ஒரே ஒரு சுவத்துக்கு மட்டும். நீத்த சுண்ணாம்பை நாள்கணக்குல ஊற வெச்சு, மணலோட செக்குல அரைச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைச் சேத்து, ஒரு பூச்சு காஞ்ச பெறகு அடுத்த பூச்சுன்னு ஏத்தி, கடைசிப் பூச்சுல முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து, கூழாங்கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு மொகம் பாக்குற அளவுக்குக் கொண்டாரணும். எங்கப்பனுக்கு வலது தோளு இடது தோளை விட எறங்கி இருக்கும். சிமென்ட்டும் புட்டியும் அடிச்ச உன் சுவத்து மேல அது பிடிச்சு நிக்காது. அடியில செங்கல்லு வரைக்கும் கொத்தி எடுக்கணும். அரை நாளுல போட்டுத் தர்றேன்னு எவனாச்சும் வந்தா, முட்டையை மட்டும் வாங்கிக்கிட்டு அனுப்பி வை.

இப்ப அந்தத் தூணுக்கு வர்றேன். ஹாலு நடுவுல, டிவிக்கு ரெண்டு பக்கமும் ஒரு சோடித் தேக்குத் தூணு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுப் பழைய சாமான் கடையில பாத்து வெச்சிருக்கியாம். உங்க ஹாலுக்கு ஒசரம் பத்தடி கூட இல்ல. தூணு பதிமூணடி. அறுத்துக்கலாம்னு கடைக்காரன் சொன்னானாம். எந்தப் பக்கம் அறுக்கிறது, தலையையா காலையா? அறுத்து நிறுத்தி, மேல கான்கிரீட்டுக்கும் தூணுக்கும் நடுவுல விரலு போற சந்து விட்டுட்டா, வேலையே இல்லாம சம்பளம் வாங்குற ஆளு உங்க வீட்டுலயும் ரெண்டு பேரு ஆச்சு. அந்தத் தூணு அந்தத் தெருவுக்கு வந்த கதை உனக்குத் தெரியுமா? 1942ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சான். அங்க இருந்த சொத்தை விட்டுட்டு, நடந்தே ஊரு வந்து சேந்தவுக இருக்காக. அப்புறம் போன சொத்து திரும்பல. இங்க ஒரு வீட்டுக்கு அம்பது பங்காளி; வெள்ளையடிக்கவே காசு சேராது. கதவு தனி, தூணு தனி, சன்னல் கம்பி தனி, பீங்கான் சட்டி தனின்னு பிரிச்சு வித்தாக. நாங்கதான் பிரிச்சோம். கட்டினவன் மகனே கழட்டினான். நெலையை உருவுறப்போ முத்தத்துல நின்ன ஆச்சி ஒண்ணும் சொல்லல, உள்ள போயி எங்களுக்கு மோரு கொண்டாந்து குடுத்தாக.

அதனால அந்தத் தெருவுக்குப் போகாதன்னு சொல்ல வரல. போ. மரம் வீணாப் போறதுக்கு உன் வீட்டுல நிக்கட்டும். தூணா வாங்காத, சன்னலா வாங்கு, கதவா வாங்கு, உனக்குத் தெறந்து மூடுறதுக்கு ஆகும். ஒரு கதவை மல்லாத்திக் கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு மேசையாக்கினவுகளை நான் பாத்தேன். தோசை மாவு குமிழுக்குள்ள போயிருச்சுன்னு ஒரு மணி நேரமா ஊக்கால நோண்டிக்கிட்டிருந்தாக. அமெரிக்காவுல இருக்கிற உன் மச்சானுக்கும் ஒரு பழைய சிலை பாத்து அனுப்புறேன்னு சொல்லியிருக்கியாமே, அதை மட்டும் மறந்துரு. நூறு வருசம் தாண்டின கலைப்பொருளை நாட்டுக்கு வெளிய கொண்டு போகக் கூடாதுன்னு 1972லயே சட்டம் போட்டாச்சு. மச்சான் வீட்டு ஹாலுக்காக நீ போலீஸ் ஸ்டேசன் ஹாலுல உக்கார வேணாம்.

ஆமா, நீ அனுப்புனதுல ஒரு மரப்பொட்டி படம் இருந்துச்சே, பித்தளைக் குமிழு வெச்சது, மேல ஒரு செடித்தொட்டி உக்காந்திருக்குமே? "விண்டேஜ், எவ்வளவு அழகு"ன்னு கீழ எழுதியிருந்த. அந்த வேலைப்பாட்டுல ஒரு பொட்டி நம்ம வீட்டுலயும் இருந்துச்சு. உங்க அப்பத்தா சீதனமாக் கொண்டாந்தது. அதுலதான் நெல்லு கெடந்துச்சு. நீ எட்டாப்பு படிக்கிறப்போ பீரோ வைக்க இடம் வேணும்னு அடம் பிடிச்ச. உங்கப்பன் பழைய சாமான்காரனைக் கூப்பிட்டு, அதைக் குடுத்து ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினான். அந்த நாற்காலி இன்னும் இருக்கு, அதுல உக்காந்துதான் பேசிக்கிட்டிருக்கேன். வேணும்னாச் சொல்லு, இன்னும் இருவது வருசத்துல அதுவும் விண்டேஜ் ஆயிரும், நான் பத்திரமா வெச்சிருக்கேன்.

திண்ணையை விட்டுட்டேன் பாரு. ஹாலுக்குள்ள திண்ணை கட்டப் போறீங்களாம், மெத்தை போட்டு, மேல மூணு தலகாணி சாச்சு. அப்பு, திண்ணைங்கிறது தெருவுல போற வழிப்போக்கன் செருப்பைக் கழட்டிட்டு யாரையும் கேக்காம உக்கார்றதுக்கு. உங்க அடுக்குமாடிக்கு நான் வந்தப்போ கீழ காவலுக்காரன் பேரு, ஊரு, யாரு வீடு, எதுக்கு வந்தேன்னு எழுதி வாங்கி, போன் பண்ணிக் கேட்டு, மூணாவது ரிங்குல நீ எடுத்த பெறகுதான் கேட்டைத் தெறந்தான். அப்புறம் உள்ள ஒரு திண்ணை! அது கட்டி முடிச்சதும் அதுல உக்காரப் போறது யாருன்னு எனக்குத் தெரியும்: இஸ்திரி போட வேண்டிய துணி.

உனக்குக் கோவம் வருதுல்ல. வரட்டும். இந்தக் கெழவன் எதையெடுத்தாலும் நொட்டை சொல்றான், உருப்படியா ஒண்ணும் சொல்லலைன்னு. சொல்றேன். லாரி பேக்கர்னு ஒரு வெள்ளைக்காரர் இருந்தாரு. 1917ல இங்கிலாந்துல பொறந்து, 2007ல திருவனந்தபுரத்துல கண்ணை மூடினாரு. அவருக்கு காந்தி ஒரு புத்தி சொன்னாராம்: வீடு கட்டுற சாமானெல்லாம் அஞ்சு மைலுக்குள்ள கெடைக்கணும்னு. அந்த மனுசன் அதைப் பிடிச்சுக்கிட்டு, செங்கல்லைச் சந்து விட்டு அடுக்கி அதையே சன்னலாக்கினாரு, ஸ்லாபுக்கு நடுவுல பழைய ஓட்டைப் பதிச்சுக் கான்கிரீட்டை மிச்சம் பண்ணினாரு. சுவத்துக்குத் தனியா அலங்காரம்னு எதுவும் தேடல; சந்து வழியா விழுகுற வெயிலே தரையில கோலம் போடும். உன் அஞ்சு மைலுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தியா? மெட்ராசுல இருந்துக்கிட்டு செட்டிநாட்டை எதுக்குக் குடையுற? கடக்கரைச் சாலையில முட்டுக்காட்டுல தட்சிணசித்ரான்னு இருக்கு, 1996ல தெறந்தது. தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, கர்நாடகான்னு அந்தந்த ஊரு வீட்டைக் கழட்டிக் கொண்டாந்து நட்டு வெச்சிருக்காங்க. டிக்கெட்டு எடுத்துட்டுப் போ. போட்டோ எடுக்காம, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒவ்வொரு வீட்டுத் தாவாரத்துலயும் சும்மா உக்காரு. எதுல உனக்குக் கண்ணு சொக்குதோ அந்த வீட்டுல காத்து எங்கிட்டு வருது, எங்கிட்டுப் போகுதுன்னு பாத்து வெச்சுக்க. அதைக் காப்பியடி.

அப்புறம் உன் வீட்டையே ஒரு வாரம் வேவு பாரு. சாவியை வாசல்ல மாட்டுறதுக்கு ஆனைத்தலை வெச்ச பித்தளை மாட்டி வாங்கப் போற. உன் சாவி தினம் பிரிட்ஜ் மேலதான் போயி உக்காருது, மாட்டியை அங்க வை. ஈரத் துண்டு கட்டில் மேல கெடக்குன்னு தாயி கத்துது. அந்தச் சுவத்துல படம் மாட்டுறதுக்கு முந்தி ஒரு கொடிக் கம்பியை மாட்டு. படிக்கிறதுக்கு ஒரு வெளக்கு, சாப்பிட ஒரு வெளக்குன்னு தாழத் தொங்க விடு; மேல ஓட்டைக்கு ஒண்ணா இருவது லைட்டைப் பதிச்சா ஆபரேசன் தியேட்டர்தான். தரையில விரிக்க வெளிநாட்டுக் கம்பளம் வேணாம், பவானி ஜமுக்காளம் இருக்கு, கோடு கோடா, வெளுக்க வெளுக்க அழகு. படுக்கப் பத்தமடைப் பாயி. வெத்தலை வைக்கிற ஓலைக் கொட்டானை வாங்கிச் சுவத்துல ஆணியடிச்சு மாட்டாத, வெங்காயம் போட்டு வை, காத்தோட்டமா இருக்கும். தாத்தா பாட்டி படத்தை உள்ரூம் பரண்ல இருந்து எறக்கு. ஹாலு கலருக்குச் சேராதாம்ல? நாங்க கறுப்பு வெள்ளைதானப்பா, எந்தக் கலருக்கும் சேருவோம்.

ஊருக்கு வர்றதுன்னா வா, ஆத்தங்குடிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். வர்றப்போ ஒரு டேப்பு எடுத்துக்க. ஹாலை மட்டும் அளந்தாப் பத்தாது, உங்க அடுக்குமாடி லிஃப்டையும் அளந்து எழுதிக்கிட்டு வா. போன வருசம் ஒரு கோயமுத்தூர்க்காரரு இங்க வாங்கின கதவு ஆறு மாடி ஏற மாட்டாம, அவரு வண்டி நிறுத்துற எடத்துலயே இன்னும் சாஞ்சு கெடக்காம். தாயியையும் கூட்டிட்டு வா, ஒரு நாள் முந்தியே சொல்லிட்டா கோழி அடிச்சு வைக்கச் சொல்றேன். டிசைனரு பொண்ணையும் கூப்பிடு, எனக்கு ஒண்ணும் கோவமில்ல. கல்லு தூக்கி வண்டியில ஏத்துறதுக்கு ஒரு ஆளு கொறையுது.